துணிக்கூடம் ஒன்றின் மூன்று பிறவிகள்

நெய்தவன் கையில் நல்ல துணி இருந்தால் மட்டும் போதாது. அதை நியாய விலைக்கு விற்க ஓர் இடமும் வேண்டும். விளைவிப்பவனுக்கும் இது பொருந்தும். சங்கங்கள் விற்பனைக் கூடங்களையும் கிடங்குகளையும் எழுப்பிப் பேணுவது இதன் பொருட்டே. நெசவாளரின் துணிக்கென எழுந்து, பின்னர் காய்கனிச் சந்தையாகி, இடிபடும் தறுவாயில் தப்பி, இன்று புத்துயிர் பெற்று நிற்கும் கட்டடம் ஒன்றின் வரலாறு நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறியத்தக்கது. அது இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், ஹாலிபாக்ஸ் நகரில் உள்ள ‘பீஸ் ஹால்’ ஆகும்.

உழவும் தறியும்

ஹாலிபாக்ஸ் மலைப்பாங்கான ஊர். நிலம் வளமற்றது, பயிரை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. ஆகவே அங்குள்ளோர் ஓரிரு பசுக்களை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே கம்பளி நூற்று நெய்து வந்தனர். 1720-களில் தம் பயண நூலை வெளியிட்ட டேனியல் டீபோ, அம்மலைச் சரிவுகளில் வீடுதோறும் துணி காயும் காட்சியைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

நனைத்து மிதித்த கம்பளித் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்துவது அவ்வூர் வழக்கம். வெளியில் கிடக்கும் துணியைத் திருடுவது எளிது. 13½ பென்னி மதிப்புள்ள பொருளைத் திருடியவனுக்கும் தலை போகும் தண்டனை அந்நகரில் இருந்தது. 1650-ஆம் ஆண்டில்தான் அது கடைசியாக நிறைவேற்றப்பட்டது. ஒரு துணியில் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அடங்கியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

315 அறைகள்

தறியிலிருந்து அறுத்தெடுத்த, ஏறத்தாழ 30 கஜ நீளமுள்ள துணியே ‘பீஸ்’ எனப்பட்டது. இவற்றை விற்பதற்காகத் துணி உற்பத்தியாளர்கள் தாமே பணம் திரட்டி எழுப்பிய கூடம் 1779 ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. நடுவே சுமார் 66,000 சதுர அடி முற்றம். நாற்புறமும் தூண்கள் நிறைந்த தாழ்வாரங்கள். அவற்றையொட்டி 315 அறைகள். தரை சரிவாக இருந்தமையால் கிழக்குப்புறம் மூன்று அடுக்குகளாகவும், மேற்குப்புறம் இரண்டாகவும் அமைத்தனர்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு மணி ஒலிக்க வாணிபம் தொடங்கும், நண்பகலில் முடியும். விற்போர் பலர், வாங்குவோர் பலர், இடம் ஒன்று, நேரம் ஒன்று என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி. வீட்டு வாசலுக்கு வரும் ஒரே வியாபாரி சொன்னதே விலையாகும் நிலை இங்கில்லை. பக்கத்து அறையில் என்ன விலை போகிறதென்பதை விற்பவனும் அறிவான். எவன் துணி நயமானது என்பதை வாங்குபவனும் ஒப்பிட்டுக் காண்பான்.

துணி போய்க் காய்கறி வந்தது

ஆயினும் இச்சிறப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. நீராலும் நீராவியாலும் இயங்கும் ஆலைகள் பெருகின. முதலில் நூற்பும், பின்னர் நெசவும் வீட்டை விட்டு வெளியேறின. ஆலை முதலாளிக்குச் சொந்தக் கிடங்கு உண்டு. பெருவணிகருடன் நேரடித் தொடர்பும் உண்டு. சனிக்கிழமைக் கூடம் அவருக்குத் தேவைப்படவில்லை. அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முற்றத்தில் பொதுக் கூட்டங்களும் கேளிக்கைகளும் நடைபெற்றன. 1861-இல் புளோண்டின் என்ற புகழ்பெற்ற கழைக்கூத்தர் அங்குக் கயிற்றின் மேல் நடந்து காட்டினார்.

பின்னர் நகராட்சி கட்டடத்தைப் பெற்று, 1871-இல் மொத்த விற்பனைச் சந்தையாக்கியது. மீனும் பழமும் காய்கறியும் வந்து குவிந்தன. முற்றத்தை மறைத்துக் கொட்டகைகள் எழுந்தன. அழகு குன்றியது உண்மையே. ஆனால் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஆள் நடமாட்டம் இருந்தமையால் கட்டடம் பாழடைந்து விழாமல் நின்றது.

மூன்றாம் பிறவி

1970-களின் தொடக்கத்தில் சந்தை வெளியேறிய வேளையில், கட்டடத்தை இடித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. மன்றத்தில் ஒரே வாக்கில் அது தப்பியதென அவ்வூரார் சொல்வதுண்டு. கொட்டகைகள் அகற்றப்பட்டு, 1976 ஜூலையில் கூடம் மீண்டும் திறக்கப்பட்டது. 2014-இல் தொடங்கிய பெரும் சீரமைப்புக்கு ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பவுன் செலவாயிற்று. நகராட்சியுடன் பாரம்பரிய லாட்டரி நிதியும் கைகொடுத்தது. 2017 ஆகஸ்டு 1-ஆம் நாள் கூடம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நிர்வாகத்தை அறக்கட்டளை ஒன்று ஏற்றது. பழைய துணி அறைகளில் சிறு கடைகளும் உணவகங்களும் இடம் பெற்றன. முற்றம் இசை நிகழ்ச்சிகளுக்கும் விழாக்களுக்கும் களமாயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

மகிழத்தக்க செய்தியே; எனினும் ஒன்றை மறத்தலாகாது. கட்டடம் பிழைத்தது, அதைத் தன் துணியால் நிறைத்த கைத்தறிக் குடும்பம் பிழைக்கவில்லை. கூரை ஒன்றாக இருந்ததே தவிர, அதன் கீழிருந்தோர் ஒன்றாக இல்லை. கொள்முதல், கடன், சாயம், விற்பனை யாவும் அவரவர் தனிப்பாடு. காலம் மாறியபோது தனித்தனியே நின்றார்கள், தனித்தனியே வீழ்ந்தார்கள்.

அதே மலைத்தொடரின் மறுபுறத்தில் ராச்டேல் உள்ளது. அங்கே 1844 டிசம்பரில், நெசவாளர் சிலரும் அடங்கிய 28 பேர் ஒன்றுகூடி, 28 பவுன் முதலுடன் ஒரு பழைய பண்டகசாலையை வாடகைக்குப் பிடித்து, வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் விற்கத் தொடங்கினர். அவர்களுக்குத் தூண்களும் இல்லை, முற்றமும் இல்லை. ஆனால் வகுத்துக்கொண்ட விதிகளும் ஒற்றுமையும் இருந்தன. அவை உலகெங்கும் பரவின.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுகையில், பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்குகளை நாம் காண்பதுண்டு. ஓடு சரிந்திருக்கும், விற்றுவிடலாம் என்ற தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் காத்திருக்கும். விற்பதே முறையாகும் சங்கங்களும் உண்டு. ஆனால் கை உயர்த்துமுன் அங்கத்தினர்கள் மூன்று வினாக்களைக் கேட்கட்டும்: பழுது பார்க்க ஆகும் செலவு எவ்வளவு? துணிக்குப் பயன்படாத இடம் விளைபொருளுக்குப் பயன்படுமா? விற்று வரும் தொகை எதில் முதலீடாகும்? மகாசபையில் விடை கிடைத்த பின்னரே முடிவு செய்க. கல்லையும் சுண்ணாம்பையும் பழுது பார்த்துக்கொள்ளலாம். பிரிந்து போன அங்கத்தினரை ஒன்று சேர்ப்பதுதான் அரிது.