மாட்டுக்கு ஊசி போட்டார்கள். காட்டில் மரம் வளர்ந்தது!

மாட்டுக்கு ஊசி போட்டால் காட்டில் மரம் வளருமா?

"இது என்ன, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு!" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால், இது உண்மையாகவே நடந்தது. நடந்த இடம், கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா நாடு.

அங்கே செரங்கெட்டி என்ற மிகப் பெரிய புல்வெளி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். இடையிடையே குடை விரித்தது போல வேல மரங்கள். சிங்கம், யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அங்கே உண்டு.

ஆனாலும் அந்தப் புல்வெளியின் தலையெழுத்தை எழுதுவது சிங்கம் அல்ல. வில்டபீஸ்ட் என்ற பிராணிதான்! மாட்டுக் கொம்பு, ஆட்டுத் தாடி, குதிரை வால். பார்த்தால் மாடு போல இருக்கும். ஆனால் மாடு அல்ல.

ஓயாத பயணம்

தெற்கே உள்ள வெளியில் எரிமலைச் சாம்பல் கலந்த மண். அங்கே முளைக்கும் புல்லில் சத்து அதிகம். மழைக்காலத்தில் வில்டபீஸ்ட் கூட்டம் அங்கே போய்க் குட்டி போடும். பிறந்த குட்டி, சில நிமிடங்களிலேயே எழுந்து நிற்கும்!

மழை நின்றதும் தெற்கே புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடனே கூட்டம் வடக்கு நோக்கிக் கிளம்பும். எல்லை தாண்டி, கென்யா நாட்டில் பாயும் மாரா ஆறு வரை போகும். ஆற்றில் முதலைகள் காத்திருக்கும். தப்பியவை, மழை வந்ததும் மீண்டும் தெற்கே திரும்பும். ஆண்டுதோறும் இதே பயணம்.

வந்தது வெக்கை

1890-ம் ஆண்டு வாக்கில் அந்தப் பக்கம் வெக்கை நோய் பரவியது. மசாய் மக்களின் மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. மாட்டையே நம்பி இருந்த அந்த மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். காட்டெருமையும் வில்டபீஸ்டும் கூடத் தப்பவில்லை.

அதன் பிறகும் நோய் போகவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, வில்டபீஸ்ட் குட்டிகளைக் கொன்றுகொண்டே இருந்தது.

1950-க்குப் பிறகு, புல்வெளியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்குத் தடுப்பு ஊசி போட்டார்கள். காட்டுப் பிராணிகளுக்கு ஊசி போடவில்லை. அவற்றை யார் பிடிப்பது? ஆனால், மாட்டிடம் நோய் ஒழிந்ததும் காட்டிலும் ஒழிந்துவிட்டது! மாட்டிடம் இருந்துதான் அது காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

1961-ம் ஆண்டில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் கூட்டம், 1977-ம் ஆண்டில் 13 லட்சத்தைத் தாண்டியது.

எண்ணப் போனவர் பலி

ஓடும் கூட்டத்தை எப்படி எண்ணுவது? ஆகாய விமானத்தில் பறந்துதான்! ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கிரிசிமெக் என்பவரும் அவருடைய மகன் மைக்கேலும், வரிக்குதிரை போலக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் பறந்து இந்த வேலையைச் செய்தார்கள்.

1959 ஜனவரியில் மைக்கேல் தனியாகப் பறந்தபோது, ஒரு கழுகு விமானத்தில் மோதியது. விமானம் விழுந்து நொறுங்கியது. மைக்கேல் இறந்தார். அப்போது அவருக்கு வயது 24. தந்தையும் மகனும் எடுத்த செரங்கெட்டி சினிமாப் படத்துக்கு அடுத்த ஆண்டில் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அதைப் பார்க்க மகன் இல்லை.

கணக்கு சொன்ன உண்மை

சரி, மரம் எப்படி வளர்ந்தது?

முன்பெல்லாம் தின்ன ஆள் இல்லாமல் புல் உயரமாக வளர்ந்து காய்ந்து நிற்கும். கோடையில் தீப் பிடிக்கும். தீயில் மரக்கன்றுகள் கருகிவிடும். வில்டபீஸ்ட் பெருகியதும் புல்லை மேய்ந்து தீர்த்தன. எரியப் புல் இல்லை, தீ குறைந்தது. கன்றுகள் தலை தூக்கின.

இதை எப்படி நிச்சயமாகச் சொல்ல முடியும்? வீட்டில் வரவு செலவுக் கணக்குப் போடுகிறோம் அல்லவா? அதுபோல விஞ்ஞானிகள் புல்வெளிக்குக் கணக்குப் போட்டார்கள். பெய்த மழை, எரிந்த நிலம், யானைகளின் தொகை, காற்றில் உள்ள கரியமில வாயு என்று நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்தார்கள். மரம் பெருகியதற்கு முக்கிய காரணம் தீ குறைந்ததுதான் என்று 2009-ம் ஆண்டில் விடை வந்தது.

சாலை வந்தால்?

2010-ம் ஆண்டில் புல்வெளியின் வடபகுதி வழியாக நெடுஞ்சாலை போட அரசாங்கம் திட்டமிட்டது. ஊர்களுக்குச் சாலை தேவைதான். ஆனால் அது வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றுக்குப் போகும் பாதை ஆயிற்றே!

விஞ்ஞானிகள் மறுபடியும் கணக்குப் போட்டார்கள். "லாரிகளாலும் வேலியாலும் வழி அடைபட்டால், கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்" என்று 2011-ம் ஆண்டில் தெரிவித்தார்கள். கூட்டம் குறைந்தால் புல் மிஞ்சும். புல் மிஞ்சினால் பழையபடி தீ!

அதே 2011-ம் ஆண்டில், வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. 2014-ம் ஆண்டில், அருஷா நகரில் உள்ள கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம், புல்வெளியின் குறுக்கே தார்ச்சாலை போடுவது சட்டவிரோதம் என்று தீர்ப்புக் கூறியது.

ஊசி போட்டவர்கள் மாட்டைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள், மரமும் பிழைத்தது. சாலை கேட்டவர்களும் தங்கள் ஊருக்கு வழிதான் கேட்டார்கள். கூட்டத்தின் வழி அடைபட இருந்தது. காட்டில் கை வைக்கும் முன்பு கணக்குப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்!