பரி பேணாமைக்கு ஓர் இலக்கணம்

குதிரையைப் பேணாது வைத்திருக்கும் வித்தையைக் கற்க விழைவோர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவின் பயண நூலைப் பயின்றாற் போதும். யான் அதனை முதனூலாகக் கொண்டே இவ்விதிகளை வகுத்தேன்.

ஏடன், ஓர்மூஸ் முதலிய துறைகளிலிருந்து வருங் குதிரைகளுக்குப் பொன்னை வாரியிறைக்குக. ஆண்டுதோறும் 2000க்கு மேல் வாங்கி, ஆண்டிறுதியில் 100 தானும் எஞ்சாவண்ணம் பார்த்துக்கொள்க. அரசர் இவ்வாறே செய்தனர் என்பது அவர் கூற்று. தொகை சற்று மிகையாகலாம், வழக்கம் மிகையன்று.

இறைச்சியுஞ் சோறும் ஒருங்கே சமைத்து ஊட்டுக. அதன் பல்லும் குடலும் புல்லுக்கென அமைந்தவை என்பாருளர். பணங் கொடுத்தவர் அவரல்லரே! குதிரைக்கு உண்டதைக் கக்கவும் இயலாது. ஒவ்வாதது உட்சென்றால் வயிறு நொந்து நிலத்திற் புரளும். அதனை விளையாட்டென்று கண்டு மகிழ்க.

குளம்பு நகம் போல் வளர்வது. ஆறெட்டுக் கிழமைக்கொருகாற் சீவற்பாலது. நீவிர் சீவற்க. இலாடங் கட்டுவோனையும் வைத்தியனையும் அண்டவிடற்க. வணிகர் இதனை நன்கறிந்தவர். அத்தொழிலோர் எவரையும் அந்நாட்டுக்குச் செல்ல விடாராம். பழைய குதிரை மாண்டாலன்றோ புதிய குதிரை விலைபோகும்! பரி, புரவி, இவுளி, கலிமா, துரகமெனப் பெயர்களை அடுக்கிய நம்மவர்க்கு, அதன் காலைத் தூக்கிப் பார்க்க ஓராள் கிடைத்திலன்.

கோணற்காலோடு குட்டி பிறப்பின் நாட்டின் காற்றைப் பழிக்குக. பின்னர்க் காயற்றுறைக்கு ஆளனுப்பி, அடுத்த மரக்கலம் என்று வருமென வினவுக.