மாதிரிப் புகையிரத எஞ்சினுக்கு மெருகூட்டல்



சிறுவரின் விளையாட்டாகத் தோன்றிப் பெரியோரின் ஆராய்ச்சியாக வளர்ந்த பொழுதுபோக்குகள் சில உள. மாதிரிப் புகையிரதம் அவற்றுள் ஒன்று. பிரித்தானியாவில், கடையில் வாங்கிய சிறு எஞ்சினை அப்படியே ஓடவிடுவதோடு அமையாது, வீட்டு மேசையில் வைத்துத் திருத்தி, உண்மை எஞ்சினின் நுட்பங்களை அதிற் சேர்ப்போர் பலர். அவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் எங்கே விழிப்பு வேண்டும் என்பவற்றை இன்று விளக்க முற்படுகின்றேன்.

முதலில் அளவை அறிந்துகொள்வோம். அங்கே பெரிதும் வழங்குவது ‘ஓ ஓ’ எனப்படும் அளவாகும். உண்மைப் பொருளின் 1 அடி மாதிரியில் 4 மில்லிமீற்றர்; அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. ஆயினும், தண்டவாளங்களின் இடைவெளி இக்கணக்குக்கு இசைவதில்லை. 4 அடி 8½ அங்குல அகலமுள்ள பிரித்தானியப் பாதை 18.83 மில்லிமீற்றராதல் வேண்டும். மாதிரியிலோ அது 16.5 மில்லிமீற்றரே. நமது நாட்டின் 5 அடி 6 அங்குலப் பாதையை இதே அளவில் அமைப்பதாயின் 22 மில்லிமீற்றர் வேண்டும். ஆகவே, கடையில் வாங்கும் எஞ்சின் எதுவும் பிறக்கும்போதே ஒரு சமரசத்துடன் பிறக்கின்றது. அதனைத் திருத்த முனைவோர் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று முன்னரே தீர்மானித்தல் நன்று.

அத்தீர்மானத்துக்கு அடிப்படையான வினா ஒன்றுண்டு: நாம் காட்டப்போவது எந்த ஆண்டின் எஞ்சின்? புகழ்பெற்ற ‘பிளையிங் ஸ்கொட்ஸ்மன்’ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது 1923ஆம் ஆண்டு டொன்காஸ்டரிற் கட்டப்பட்டது. 1924இல் 4472 என்னும் எண்ணைப் பெற்றது. 1928ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு இடையில் நில்லாது சென்ற முதலாவது சேவையை இழுத்தது. நெடும் பயணத்தின் நடுவே எஞ்சின் ஊழியர் மாறிக்கொள்வதற்காக, அதன் நிலக்கரி வண்டியினூடே ஓர் ஒடுங்கிய நடைவழி அப்போது அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் பிரித்தானிய ரயில்வேயின்கீழ் அதன் எண் 60103 ஆயிற்று. 1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரட்டைப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. அதனால் மெலிந்தெழுந்த புகை சாரதியின் பார்வையை மறைத்தமையால், 1961இல் முன்புறத்தின் இரு பக்கங்களிலும் புகை விலக்கும் தகடுகள் சேர்க்கப்பட்டன. 1963ஆம் ஆண்டு சனவரியில் அது சேவையிலிருந்து நீங்கியது.

இனி, 4472 என்னும் எண்ணும் இளம்பச்சை வண்ணமும் கொண்ட மாதிரி ஒன்றுக்குப் புகை விலக்குந் தகடுகளை ஒருவர் ஒட்டுகின்றார் எனக் கொள்வோம். 1930களின் எஞ்சினாக அது பிழை. ஆனால், பாதுகாக்கப்பட்ட எஞ்சினாக அது பிற்காலத்தில் அக்கோலத்தில் ஓடியதுண்டு. அவ்வகையில் அது சரி. எனவே, திகதியிட்ட புகைப்படம் ஒன்றை முன்வைத்துக்கொண்டே கத்தியைக் கையிலெடுத்தல் வேண்டும். இயன்றவரை இரு பக்கங்களையும் காட்டும் படங்களைத் தேடுதல் நலம்.

வேலையின் முறையைப் பார்ப்போம். மலிவான மாதிரிகளில் கைப்பிடிக் கம்பிகள் கொதிகலனோடு ஒன்றாக வார்க்கப்பட்ட வெறும் மேடுகளாக இருக்கும். அவற்றைக் கூரிய அலகினாற் சிறிது சிறிதாகச் சீவி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, நுண்துளையிட்டு, சிறு குமிழ்களைப் பொருத்தி, அவற்றினூடே 0.4 மில்லிமீற்றர் அளவிலான பித்தளைக் கம்பியைச் செலுத்துவர். அக்கம்பி உண்மையில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த தடிப்புக்குச் சமமாகும். தகடுகளிலும் இக்கணக்கே முக்கியம். 1 மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்டிக் தகடு, உண்மையில் 3 அங்குலத் தடிப்பான இரும்புச் சுவரைக் குறிக்கும்! ஆதலின், கால் மில்லிமீற்றர் பித்தளைத் தகட்டை வெட்டி வைப்பதே பொருந்தும். பித்தளையை ஈயப்பற்றினால் இணைக்கும்போது சாளரத்தைத் திறந்துவைத்து, வேலை முடிந்ததும் கைகழுவுதல் இன்றியமையாதது.

அடுத்து, எஞ்சினுக்கும் நிலக்கரி வண்டிக்கும் இடையிலுள்ள மிகைப்பட்ட இடைவெளியைக் குறுக்கலாம். வார்ப்பு நிலக்கரியின்மேல் உண்மை நிலக்கரியைப் பொடித்துப் பசையால் ஒட்டலாம். விரைவு வண்டியாயின், முன்புறத்தில் ஒவ்வொரு மோதுதாங்கிக்கு மேலும் ஒரு விளக்காக இரண்டு விளக்குகளை வைத்தல் வேண்டும். ஈற்றில், புகைக்கரியும் எண்ணெய்க்கறையும் படியவேண்டிய இடங்களில் மட்டும் மிக மெல்லிய வண்ணத்தைப் பூசுவர்.

ஆயினும், அழகு கூடக்கூட ஓட்டம் கெடக்கூடும். மாதிரிப் பாதையின் மிகச் சிறிய வளைவு ஏறத்தாழ 371 மில்லிமீற்றர் ஆரையுடையது. உண்மை அளவில் 28 மீற்றர் மட்டுமே. அத்தகைய வளைவில் எந்த விரைவு எஞ்சினும் ஓடியதில்லை. முன்னுள்ள சிறு சக்கரங்கள் அங்கே பக்கவாட்டில் மிகுதியாக அசைவதால், நாம் சேர்த்த குழாய்களிலும் படிகளிலும் மோதி, எஞ்சினைத் தடம்புரளச் செய்யும். ஆகவே, ஒவ்வோர் உறுப்பையும் சேர்த்தவுடன் மிகச் சிறிய வளைவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். ஓட்டத்துக்குத் தடையாகும் உறுப்பை விட்டுவிடுவதே அறிவுடைமை. சக்கரங்களையும் மின்னோட்டத்தைப் பெறும் தகடுகளையும் துப்புரவு செய்து, ஒரு துளி எண்ணெயிடாத எஞ்சினுக்கு வெளி மெருகினாற் பயன் சிறிதே.

நேயர்களே, இன்னொன்றையும் கருத வேண்டும். சீவிய மேடு மீளாது. துளையிட்ட கொதிகலனும் பழைய நிலைக்குத் திரும்பாது. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, பெட்டியோடும் முதல் வண்ணத்தோடும் எஞ்சியிருக்கும் பழைய மாதிரி தானே ஒரு வரலாற்றுச் சான்றாகும். அதனைத் தொடாது வைத்து, அடிபட்டு உருக்குலைந்த ஒன்றைத் தேடியெடுத்துக் கைபழகுதலே தக்கது. சான்றை ஆராய்ந்து, வேண்டியதை மட்டும் சேர்த்து, போதுமிடத்தில் நிறுத்தும் பழக்கத்தை இச்சிறு எஞ்சின் நமக்குத் தருமாயின், மேசையிற் கழிந்த மாலைப்பொழுதுகள் வீண்போகா.