பறை அடிக்கும் கை பேனாவும் பிடிக்கட்டும்

பறை அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் அதைக் காய்ச்ச வேண்டும். ஈரம் இழுத்த தோல் சூடேறி விறைத்தால்தான் சத்தம் கணீரென்று எழும். நம் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பனும் தாத்தனும் காய்ச்சியதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆனால் அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில், "எங்க வீட்ல பறை இருக்கு" என்று சொல்லக் கூசி நின்றதையும் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கூச்சம் பிள்ளையின் தப்பு இல்லை. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், வர முடியாது என்றால் அடி வாங்க வேண்டும் என்று பறையை நம் கழுத்தில் மாட்டிவிட்டது சாதி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவியை ஒரு தெருவுக்கு மட்டும் உரிய இழிவாக மாற்றியவர்கள் நாம் அல்ல. ஊராட்சி அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியதே 2022 ஆகஸ்டில்தான்.

அதனால் நமக்குள் இரண்டு கருத்து உண்டு. பறையைத் தூக்கிப் போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். சாவுக்கு அடிப்பதை நிறுத்துவோம், மேடையில் அடிப்போம் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் திண்டுக்கல்லைப் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகள் கையில்

அங்கே 1990-ல் சந்திரா, பெல்சி என்ற இரண்டு அருட்சகோதரிகள் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார்கள். வறுமையால் படிப்பை நிறுத்திய, கூலி வேலைக்கும் மில் வேலைக்கும் போக வேண்டிய நிலையில் இருந்த தலித் இளம்பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது பறை. பல ஊர்களில் ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அது. இடது கையில் நீளமான மெல்லிய குச்சியும் வலது கையில் குட்டையான அடிக்குச்சியும் பிடித்து, அடவு போட்டுக்கொண்டே அடிக்க அந்தப் பெண்கள் பழகினார்கள். ஒயிலாட்டம், கரகாட்டம், கும்மி எல்லாம் கற்றார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அங்கே ஆட்டம் மட்டும் சொல்லித்தரவில்லை. ஒன்றாகத் தங்கியிருந்து, விட்ட படிப்பைத் தொடரவும் தையல் போன்ற கைத்தொழில் கற்கவும் சாதியையும் பெண்ணடிமையையும் பற்றிப் பேசவும் அந்தக் குழு இடம் கொடுத்தது. அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இந்தப் பெண்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். ஊரார் முன்னால் தலை நிமிர்ந்து பேசாத பெண், ஆயிரம் பேர் பார்க்கும் மேடையில் பறையோடு நின்றபின் வீட்டில் தன் கல்யாணத்தைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் வாய் திறந்து பேசுகிறாள். இசைக்குழு ஒன்றால் ஆகக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறோம்.

மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் பல ஆண்டுகளாக இளைஞர்களுக்குப் பறை சொல்லிக்கொடுத்து வருகிறார். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறைக்குக் கிடைத்த மரியாதை என்று சந்தோஷப்பட்டோம். அந்த மரியாதை நம் தெருப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வரை வந்து சேர வேண்டாமா?

உதவித்தொகை என்றால் பிச்சை இல்லை

அண்ணல் அம்பேத்கர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில். மூன்று ஆண்டுகள் கிடைத்த அந்தப் பணம் ஒருவரைப் படிக்க வைத்தது. அந்த ஒருவரால் கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கை மாறியது. உதவித்தொகை வாங்கிப் படிப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்று கிராமங்களில் இருக்கும் நம் பறைக்குழுக்களும் நாட்டுப்புறக் குழுக்களும் இதைச் சின்ன அளவில் செய்யலாம். ஒரு குழு ஒரு நிகழ்ச்சிக்கு 15,000 ரூபாய் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை, சாப்பாடு, ஆளுக்குக் கூலி என்று பிரிக்கும்போது, குழுவின் பெயரிலும் ஒரு பங்கு பிரிக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 ரூபாய், வருடத்துக்கு 20 நிகழ்ச்சி என்றால் 20,000 ரூபாய் சேரும். குழுவில் அடிக்கும் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய். நோட்டு, சீருடை, தேர்வுக் கட்டணம், பஸ் செலவுக்கு அது உதவும். கந்துவட்டிக்குப் போகாமல் ஜூன் மாதத்தைத் தாண்டலாம்.

பணம் யார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக் கூடாது. அஞ்சலகத்திலோ வங்கியிலோ கூட்டுக் கணக்கு வேண்டும். கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெருவில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். பள்ளி நாளில் நிகழ்ச்சி வந்தால் பிள்ளையைக் கூட்டிப் போவதில்லை என்ற கட்டுப்பாடும் வேண்டும். படிப்பைக் கெடுத்துச் சம்பாதித்த பணத்தில் படிப்புக்கு உதவி செய்து என்ன பயன்?

அரசிடம் கேட்க வேண்டியவை

குழுவில் இருப்பவர்கள் முதலில் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்ள வேண்டும். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அதற்கு ஊரில் பலரும் விண்ணப்பிப்பதே இல்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம், குரலிசை, மிருதங்கம், வயலின், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் படிப்புகள் நடக்கின்றன. நம் பிள்ளைகளும் அங்கே சேர வேண்டும். தவிலும் வயலினும் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அந்த ஏழோடு எட்டாவதாகப் பறையையும் முழு மூன்றாண்டுப் படிப்பாகச் சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் நம் ஆசான்கள் வருவார்கள். மாவட்டக் கலை மன்றங்கள் 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கும் கலை இளமணி விருதுக்கும், 19 முதல் 35 வயது வரையானவர்களுக்கான கலை வளர்மணி விருதுக்கும் பறை அடிக்கும் பிள்ளைகள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

சித்திரை தொடங்கி ஆடி வரை திருவிழாக் காலம். குழுக்களுக்குக் கையில் காசு வரும் நேரமும் அதுதான். இந்த வருடம் முதல் நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்கும் அன்றே, பிள்ளைகள் படிப்புக்கான பங்கை எடுத்து வைப்போம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் தெருவில் ஒரு பிள்ளையாவது அந்தப் பணத்தில் வகுப்புக்குப் போகட்டும். வீட்டில் பறை இருப்பதை அது கூசாமல் சொல்லும்.