பெயரே முகவரி: காவிரிச் சமவெளியின் ஆறுகள்

மலை நாட்டில் ஓடைகள் கூடி ஆறாகின்றன. டெல்டாவில் நேர்மாறு: ஆறு பிரிந்து பிரிந்து, கடைசியில் வயலுக்குள் நுழையும் கண்ணாறாக மெலிகிறது. எந்தத் தண்ணீர் எந்த ஊருக்கு என்ற கேள்வி ஒவ்வொரு பிரிவிலும் எழுவதால், ஒவ்வொரு கிளைக்கும் பெயர் வேண்டியிருந்தது.

திருப்பனந்தாளுக்கு வடக்கே ஓடும் கொள்ளிடத்தைப் பாருங்கள். காவிரியில் மிஞ்சும் வெள்ளத்தைக் கொள்ளும் இடம் அது. வண்டல் படிந்து காவிரியின் படுகை மேடாகிவிட, கொள்ளிடம் தாழ்ந்தும் நேராகவும் கிடக்கிறது. தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் பெருகி, காவிரிப் பாசனம் வறண்டது. 1836 வாக்கில் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் அணை கட்ட நேர்ந்தது இதனால்தான்; திருப்பனந்தாளுக்கு அருகே அணைக்கரையிலும் அவர் அணை கட்டினார்.

காவிரியின் வடகரையில் பிரியும் மண்ணியாறு பழைய பெயர்க்காரி. பக்கத்திலுள்ள சேய்ஞலூரில் பசு மேய்த்த சண்டேசர் மணலில் லிங்கம் அமைத்து வழிபட்டது மண்ணிக் கரையில் என்கிறது பெரியபுராணம். தெற்கே போனால் வெட்டாறு, தான் வெட்டப்பட்டதைச் சொல்லுகிறது. கோரையாறு கரையில் வளர்ந்த புல்லையும், திருவாரூரின் ஓடம்போக்கி ஓடம் போன காலத்தையும், கடலோர உப்பனாறு ஓதத்தோடு ஏறும் உப்பையும் சொல்லுகின்றன. வீரசோழன் என்பது முதலாம் பராந்தகனின் விருதுப்பெயர்; முடிகொண்ட சோழன் முதலாம் ராஜேந்திரனுடையது. இரண்டும் இன்று ஆறுகளாக ஓடுகின்றன. 1934இல் வந்த கல்லணைக் கால்வாயை மக்கள் இன்றும் ‘புது ஆறு’ என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பெயர்களின் முழு வலிமை சோழர் கல்வெட்டுகளில் தெரிகிறது. நிலத்தை அடையாளம் காட்டும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்றில் இத்தனையாம் சதிரம் (சதுர நிலத்துண்டு) என்று வெட்டியிருக்கிறார்கள். வதி என்ற வழி வடக்குத் தெற்காகவும் வாய்க்கால் கிழக்கு மேற்காகவும் போவதால், இரண்டு பெயர் தெரிந்தாலே நிலம் எங்கே என்று பிடிபட்டுவிடும். வரைபடம் கைவசம் இல்லாத காலத்தில் நீரின் பெயரே வரைபடமாக இருந்தது.

பேராறுகளின் பெயர் நிலைத்துவிடும், ஆபத்து சிற்றோடைகளுக்குத்தான். நில ஆவணத்தில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று மட்டும் எழுதப்பட்ட ஒன்றைத் தூர்த்துவிட்டால், காணாமல் போனது எது என்று கேட்கக்கூட வாயில் பெயர் இராது. பெயருள்ள வாய்க்காலுக்கு உரிமை கேட்க ஆள் உண்டு. சிறு ஓடைகளின் பெயரையும் எழுதிக் காத்தவர்கள் உண்டு: ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நில அளவையாளர்கள், அவற்றின் கேலிக் மொழிப் பெயர்களையும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுப் ‘பெயர்ப் புத்தகங்களில்’ எழுதினார்கள். அந்த ஓடைகளின் பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

நம் ஊர்களிலும் அதைச் செய்யலாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் தூர்வாரும் வேலை நடக்கிறது. அப்போதே தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து, பாய்ச்சல், வடிகால், மதகு ஒவ்வொன்றின் பெயரையும் மூத்த விவசாயிகளிடம் கேட்டு எழுதி, ஊராட்சியில் ஒரு பிரதி வைத்துவிட வேண்டும். மண்ணைத் தோண்டுவது போலவே இதுவும் பாசன வேலைதான்.