படிப்பு ஓராண்டு, தவணை மூன்றாண்டு

செப்டம்பரிலும் ஜனவரியிலும் பிரிட்டனுக்கு முதுகலை படிக்கப் போய் இறங்கும் மாணவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது கடன் என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. "மாதம் 38 பவுண்டுதான், போனை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம்" என்கிறார் கடைக்காரர். படிப்புக் கட்டணம், விசாச் செலவு, வாடகை முன்பணம் எல்லாம் போய்க் கையிருப்பு சுருங்கியிருக்கும் நேரத்தில் 38 பவுண்டு சின்னத் தொகையாகத் தெரிகிறது. படிப்பு 12 மாதம். பத்திரத்தில் இருப்பதோ 36 மாதம், மொத்தம் 1,368 பவுண்டு. பட்டப்படிப்பு, முதுகலை மாணவருக்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொகை சின்னதல்ல.

தவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே லேப்டாப்பை நாலைந்து விதமான ஒப்பந்தங்களில் விற்கிறார்கள். அது பழுதானால் யாரிடம் போவது, பணம் கட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும், பொருள் எப்போது நம்முடையதாகிறது என்பதெல்லாம் நாம் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம் என்பதைப் பொறுத்தது. கடைக்குள் நுழையும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி மாதத் தவணை எவ்வளவு என்பதல்ல. இது எந்த வகைக் கடன், கடன் கொடுப்பவர் யார் என்பதே.

முதலில் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். ஊரில் சிபில் மதிப்பெண் 800 இருந்தாலும் பிரிட்டனில் அது பொதுவாகக் கணக்கில் வராது. அங்கே எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. புதிதாக வந்தவரின் பக்கம் அங்கே வெறுமையாக இருக்கும். ஒரு கடையில் மறுத்தார்கள் என்று அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று விண்ணப்பித்துக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு முழு விண்ணப்பமும் பதிவாகும். குறுகிய காலத்தில் பல பதிவுகள் இருந்தால் கடன் கொடுப்பவர் தயங்குவார். மற்றவர் கண்ணில் படாத 'தகுதிச் சோதனை' பெரும்பாலான இடங்களில் உண்டு. அதை முதலில் செய்து பாருங்கள்.

நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவுடன் பிரிட்டனில் வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். மாணவர் விசாவும் இதில் அடங்கும், கட்டணமும் கிடையாது. முகவரியைச் சரிபார்க்கக் கடன் நிறுவனங்கள் பார்க்கும் முக்கியமான ஆவணம் அந்தப் பட்டியல்தான். வீட்டு முகவரி உறுதியான வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். செல்போன் ஒப்பந்தத்தில் பல நிறுவனங்கள் கருவிக்கு ஒரு கடன், சிம் சேவைக்கு ஒரு ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுகின்றன. சேவையை நிறுத்தினாலும் கருவிக்கடன் நிற்கும். சேவைக் கட்டணம் ஆண்டுதோறும் உயரலாம். 2025 ஜனவரி 17 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் உயரும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் விதித்திருக்கிறது. அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். லண்டன் தெருக்களில் மின்சைக்கிளில் வந்து கையிலிருக்கும் போனைப் பறித்துப் போவது அடிக்கடி நடக்கிறது. போன் போனாலும் தவணை போகாது. முதல் சில மாதங்களுக்கு 30 நாள் சிம் மட்டும் வாங்கி, கையில் இருக்கும் பழைய போனில் போட்டுக்கொள்வதே என் பரிந்துரை. இத்தகைய சிம் பலவற்றுக்குக் கடன் சோதனையே கிடையாது.

பொருளை வாடகைபோல் கட்டிக்கொண்டே வந்து கடைசித் தவணையில் சொந்தமாக்கும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். கடைசிப் பணம் கட்டும்வரை அந்த லேப்டாப் உங்களுடையதல்ல. விற்க உரிமை இல்லை, ஊருக்குக் கொண்டுபோவதும் பொதுவாக ஒப்பந்த மீறல். இந்த வியாபாரத்தில் வட்டி எல்லை மீறியதால்தான், கடன் செலவு பொருளின் விலையைத் தாண்டக் கூடாது என்று எஃப்.சி.ஏ. என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2019 ஏப்ரலில் உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள்ளேயே 400 பவுண்டுப் பொருளுக்கு 800 பவுண்டு வரை கட்ட நேரிடலாம்! வாடகைக் கொள்முதல் எனப்படும் இந்த முறையில் சட்டம் தரும் பாதுகாப்பும் உண்டு. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு நீதிமன்ற ஆணை இல்லாமல் பொருளைப் பறிக்க முடியாது. பாதி கட்டியிருந்தால், நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம்.

"இப்போது வாங்கு, ஓராண்டு கழித்துக் கட்டு" என்ற கடைக்கடனில் நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். தவணைக் காலத்துக்குள் முழுவதும் கட்டாவிட்டால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுகிற திட்டங்கள் உண்டு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி என்பது இந்தக் கடன்களில் வழக்கமானது. 35 சதவீதம் என்றால் 600 பவுண்டு லேப்டாப் ஒரே ஆண்டில் 810 ஆகும். கிளார்னா, கிளியர்பே போன்றவை தரும் வட்டியில்லாத குறுகிய காலத் தவணை இதிலிருந்து வேறு. அது நெடுங்காலம் கடன் சட்டத்துக்கு வெளியே இருந்ததால் கட்டுப்பாடும் குறைவு, வாங்குபவருக்கு இருந்த பாதுகாப்பும் குறைவு. அதை எஃப்.சி.ஏ. வரம்புக்குள் கொண்டுவரும் விதிகளுக்கு 2026 ஜூலை 15 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

கிரெடிட் கார்டு என்றாலே பயப்படுகிறவர்கள் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, அதில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலே போதும். கடை ஏமாற்றினாலும் மூடப்பட்டாலும் கார்டு நிறுவனம் முழு விலைக்கும் கடையோடு சேர்ந்து பொறுப்பாகும். புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 200, 300 பவுண்டு வரம்புள்ள கார்டுதான். 700 பவுண்டு லேப்டாப்பில் 50 பவுண்டை அதில் கட்டி, மீதியை டெபிட் கார்டில் கட்டலாம். அந்த 50 பவுண்டை அந்த மாதமே அடைத்துவிட்டால் வட்டியும் இல்லை. ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் மாமாவின் கார்டில் வாங்கினால், 75ஆவது பிரிவு உரிமை மாமாவுடையது, உங்களுடையதல்ல. தவறினால் கெடுவதும் அவர் பெயர்தான்.

பொருள் பழுதாக இருந்தால் "கம்பெனியிடம் போங்கள், வாரண்டி அவர்கள் பொறுப்பு" என்று கடையில் சொல்வார்கள். அது தவறான பதில். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொறுப்பு விற்றவருடையது; வாடகைக் கொள்முதல் என்றால் நிதி நிறுவனத்துடையது. வாங்கிய 30 நாளுக்குள் பழுது தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். அதுவும் சரியாகவில்லை என்றால் பணம் திரும்பக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. ஆன்லைனில் வாங்கினால் பொதுவாகக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். கடையில் நேரில் வாங்கியதை மனம் மாறியதற்காகத் திருப்ப உரிமை இல்லை. கடன் ஒப்பந்தத்திலிருந்து விலகவும் பொதுவாக 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அது கடனைத்தான் ரத்து செய்யும். பொருள் உங்களிடமே இருக்கும், அதன் விலையை 30 நாளுக்குள் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சிக்குபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. "தம்பி, உங்க பேர்ல நாலு போன் எடுத்துக் குடுங்க, ஒரு போனுக்கு 100 பவுண்டு தர்றேன், மாசத் தவணைய நான் கட்டிக்கிறேன்" என்று ஊர்ப்பாசத்தோடு பேசி வருகிறவர்கள். போன் விற்கப்பட்டுவிடும், தவணை நிற்கும், கடன் மாணவர் தலையில். இதை மோசடியில் உடந்தை என்று பதிந்தால், சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் குறிப்பு ஆறு ஆண்டு வரை தொடரும். வங்கிக் கணக்கே மூடப்படலாம். விண்ணப்பத்தில் சம்பளத்தைக் கூட்டி எழுதினாலும் இதே ஆபத்துதான். கடன் தருவதற்கு முன் 'கட்டணம்' கேட்பவர் மோசடிக்காரர். பணம் அனுப்பிவிட்டால் உடனே 159-ஐ அழைத்து உங்கள் வங்கியோடு பேசுங்கள்.

தவணை கட்ட முடியாமல் போனால் ஒளியாதீர்கள். கடன் கட்டாதது அங்கே குற்றவழக்கு அல்ல. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் எந்தக் கடன் நிறுவனத்துக்கும் கிடையாது. "நாடு கடத்துவோம்" என்று மிரட்டும் வசூல்காரரின் அழைப்பை, நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்த மிரட்டல் எஃப்.சி.ஏ. விதிகளுக்கு எதிரானது. ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் இரண்டும் இலவசமாக ஆலோசனை தரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவற்றின் மூலம் 60 நாள் அவகாசம் வாங்கலாம். பெரும்பாலான கடன்களுக்கு அந்த நாட்களில் வட்டியும் வசூல் நெருக்கடியும் நிற்கும். நுகர்வோர் புகாருக்குச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் எண் 0808 223 1133. நிதி நிறுவனத்தின் மீதே புகார் என்றால் முதலில் அவர்களுக்கு எழுத வேண்டும். எட்டு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, அவர் முடிவை நீங்கள் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

வீடு மாறும்போது முகவரியைத் தெரிவிக்காதது பெரிய கேடு. நீதிமன்றக் கடிதம் பழைய விடுதிக்குப் போய், நீங்கள் அறியாமலே தீர்ப்பு வந்துவிடலாம். பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் பதிவேட்டிலிருந்து நீக்குவார்கள். இல்லாவிட்டால் ஆறு ஆண்டு நிற்கும்.

படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் வாரத்திலேயே நிறுவனத்திடம் எழுத்தில் முழுத் தீர்வுத் தொகையைக் கேளுங்கள். கடனை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டி அடைக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, மீதி வட்டியில் தள்ளுபடியும் உண்டு. செல்போன் சேவையை நிறுத்த எவ்வளவு ஆகும் என்பதை அறிய, ஆங்கிலத்தில் 'இன்ஃபோ' என்று 85075-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். கடைசித் தவணை போய்ச் சேர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை பிரிட்டன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.