தானே தாழும் விளக்கு

கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங் நோக்கிப் போகும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில், இருட்டிய பிறகு லோரி ஓட்டுவது தனித் திறமை. ஊர்களை விட்டு விலகினால் தெருவிளக்கு அரிது. இரு பக்கமும் செம்பனைத் தோட்டம், இடையிடையே காடு, நடுவே தடுப்பில்லாத இருவழிப் பாதை. யானை குறுக்கே வரும். தாபீரும் வரும். மலாய்க்காரர்கள் தெனுக் என்று சொல்லும் அந்த விலங்கின் முன்பாதி கறுப்பு, முதுகும் இடுப்பும் வெள்ளை. இருளில் அதன் உருவம் இரண்டாக உடைந்து தெரிவதால், அது ஒரு விலங்கு என்று கண் புரிந்துகொள்வதற்குள் வண்டி நெருங்கிவிடும்.

இத்தகைய சாலையில் ஓட்டுநருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடமைகள். தான் முடிந்தவரை தொலைவாகப் பார்க்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. தொலைவுக்குப் பாயும் ஹைபீமைப் போட்டால் முதல் கடமை நிறைவேறும், இரண்டாவது கெடும். தாழ்ந்து விழும் லோபீமுக்கு இறக்கினால் நிலைமை நேர்மாறாகும். இன்றைய லோரிகள் பலவற்றில் இந்த இழுபறியைத் தீர்க்கும் பொறுப்பை முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு கேமரா ஏற்றிருக்கிறது. அது இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது? மனிதன் மறந்துபோவதை அது மறப்பதில்லை. மனிதன் முன்கூட்டியே ஊகிப்பதை அதனால் ஊகிக்க முடிவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு சரியாக விளங்கும்.

வெளிச்சத்தின் கணக்கு

லோரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்றால், அதற்குள்ளேயே 33 மீட்டர் கடந்துவிடும். பிரேக் நன்றாகப் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் ஏறத்தாழ 50 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 80 மீட்டருக்கு மேல். லோபீமில், கருஞ்சட்டை போட்டு ஓரமாக நடப்பவர் 50, 60 மீட்டரில்தான் கண்ணுக்குத் தட்டுப்படுவார். அதாவது, லோபீமில் அந்த வேகத்தில் போகிறவர், தன் கண்ணுக்கு இன்னும் தெரியாத சாலைக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஹைபீம் அந்தத் தொலைவை 100, 150 மீட்டராக நீட்டித் தருகிறது. இருட்டுச் சாலையில் அது ஆடம்பரமல்ல, உயிர்க்காப்பு.

அதே வெளிச்சம் எதிரே வருபவருக்கு என்ன செய்கிறது? ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள், ஒரு வண்டியின் ஹைபீம்கள் அனைத்தும் சேர்ந்து 4,30,000 கேண்டெலா ஒளிச்செறிவைத் தாண்டக் கூடாது என்கின்றன. தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற விதிப்படி கணக்கிட்டால், அந்த உச்ச அளவில் 100 மீட்டர் தள்ளி விழும் ஒளி 43 லக்ஸ். 400 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணில் விழுவதுகூட 2.7 லக்ஸ். முழுநிலவு தருவது கால் லக்ஸ்தான். நிலவைப் போலப் பத்து மடங்கு ஒளி, இருட்டுக்குப் பழகி விரிந்திருக்கும் கண்பாவையில் ஒரே புள்ளியாக இறங்குகிறது.

இது வெறும் எரிச்சலோடு போவதில்லை. விழிவில்லையும் கண்ணின் பிற பகுதிகளும் அந்த ஒளியைச் சிதறடித்து, பார்வைக்கு முன்னால் வெண்திரை ஒன்றை விரித்துவிடுகின்றன. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மங்கலான உருவங்கள் மறைந்துபோகின்றன. வயது ஏறஏற விழிவில்லை கலங்குவதால், ஐம்பதைக் கடந்த ஓட்டுநருக்கு இந்தத் திரை இன்னும் தடிமன். வெளிச்சம் கடந்துபோன பிறகும் பார்வை மீளச் சில நொடிகள் பிடிக்கும். நொடிக்கு 22 மீட்டர் போகும் வண்டியில் அந்தச் சில நொடிகள் ஒரு நீண்ட குருட்டுப் பாதை.

எதிரே வருபவரைக் கூச வைத்துவிடுவோமோ என்ற பயத்தில் பலர் விளக்கைத் தாழ்த்தியே வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் நடத்திய ஆய்வில், எதிரிலும் முன்னாலும் வண்டியே இல்லாத இடங்களில்கூட ஹைபீம் போட்டவர்கள் 18 விழுக்காட்டினர்தான். தானியங்கி விளக்கின் பெரிய உதவி வெளிச்சத்தைத் தாழ்த்துவதில் இல்லை, உயர்த்துவதில் இருக்கிறது. சாலை காலியானதும், சலிக்காமல், ஒவ்வொரு முறையும் அது ஹைபீமை ஏற்றிவிடுகிறது. எட்டு மணி நேரம் ஓட்டிக் களைத்த கை அதைச் செய்வதில்லை.

கேமரா என்ன பார்க்கிறது?

விளக்கு தானே தாழ வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. 1952-லேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஆட்ரானிக் ஐ’ என்ற கருவியைப் பொருத்தியது. டாஷ்போர்டின் மேல் நின்ற சிறு கூண்டுக்குள் ஓர் ஒளிமின் குழாய். வெளிச்சம் பட்டால் விளக்கைத் தாழ்த்தும், அவ்வளவுதான். எதிரே வருவது காரா, தெருவிளக்கா, தன் விளக்கையே திருப்பி அனுப்பும் பலகையா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை.

இன்றைய கேமராவுக்கு அந்த வழி இருக்கிறது. வாகனக் கேமராக்கள் பலவற்றில் ஒவ்வொரு நான்கு புள்ளிகளிலும் ஒன்றின் மேல் மட்டும் சிவப்பு வடிகட்டி இருக்கும், மற்ற மூன்றும் தெளிவானவை. இரண்டையும் ஒப்பிட்டு, இந்த ஒளி வெள்ளையா சிவப்பா என்று கணினி முடிவு செய்கிறது. வெள்ளை என்றால் எதிரே வருவது, சிவப்பு என்றால் முன்னே போவது. ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று விலகாமல் நகரும் இரண்டு ஒளிகள் ஒரு வண்டி. தலைக்கு மேல் ஏறி நழுவுவது தெருவிளக்கு. நம் விளக்கைத் தாழ்த்தியதும் தானும் மங்கினால் அது அறிவிப்புப் பலகை.

இதற்கும் ஐ.நா. விதிகளில் அளவு உண்டு. எதிரே வரும் மோட்டார் வாகனத்தைக் குறைந்தது 400 மீட்டரில் அறிய வேண்டும். முன்னே போவதை 100 மீட்டரில், விளக்கோடு எதிரே வரும் மிதிவண்டியை 75 மீட்டரில். இந்த விதிகளுக்கு அடிப்படையான உடன்பாட்டில் மலேசியா 2006 முதல் உறுப்பு நாடு.

மெர்சிங் சாலையின் நேரான ஒரு பகுதியில் இதை ஓட்டிப் பார்ப்போம். இரண்டு லோரிகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக வருகின்றன. இடையே 400 மீட்டர். இரண்டும் சேர்ந்து நொடிக்கு 44 மீட்டர் விழுங்குவதால், சந்திக்க 9 நொடிகள். கேமரா அந்த இரட்டை வெள்ளைப் புள்ளியைக் கண்டு, பொய்யல்ல என்று உறுதி செய்து, விளக்கைத் தாழ்த்துகிறது. ஓட்டுநரின் கை நெம்புகோலைத் தொடவே இல்லை. எதிர் லோரி கடந்ததும் வெளிச்சம் மறுபடி தொலைவுக்குப் பாய்கிறது. நேர்ச் சாலை, தெளிந்த வானம், துடைத்த கண்ணாடி என்றால் இந்த வேலையில் கருவியைக் குறை சொல்ல இடமில்லை.

எங்கே தடுமாறுகிறது?

மேட்டின் மறுபக்கத்திலிருந்து வண்டி வரும்போது, அனுபவமுள்ள ஓட்டுநர் அதன் விளக்கைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பொலிவைப் பார்த்துவிடுகிறார். மேட்டு விளிம்பு வெளுக்கிறது, செம்பனை மட்டைகளின் அடிப்பக்கம் ஒளிர்கிறது. உடனே விளக்கை இறக்கிவிடுவார். கேமரா தேடுவதோ விளக்கை. மட்டையில் படரும் பொலிவை அது வண்டியாக எண்ணுவதில்லை. வளைவிலும் இதே கதைதான். எதிர் வண்டி அதன் பார்வைக் கோணத்துக்குள் நுழைந்த பிறகே விளக்கைத் தாழ்த்தும், அதற்குள் ஹைபீம் எதிரே வருபவரின் கண்ணை ஒரு வெட்டு வெட்டியிருக்கும்.

மோட்டார் சைக்கிள் இன்னொரு சோதனை. மலேசியாவின் சாலைச் சாவுகளில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். 1992 முதல் அவர்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டே ஓட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் ஒற்றை விளக்கில் அகலம் இல்லை. அகலம் இல்லாதபோது தொலைவைக் கணிப்பது கடினம். பக்கத்தில் வரும் மோட்டாரும், இரு விளக்கும் ஒன்றாகத் தெரியும் தொலைதூரக் காரும் ஒரே புள்ளிதான். சேறு படிந்த சிறிய பின்விளக்கோடு முன்னே போகும் மோட்டார் இன்னும் மோசம். கேமரா அதைத் தவறவிட்டால், லோரியின் முழு ஹைபீமும் அந்த மோட்டாரின் பக்கக் கண்ணாடிகளில் வந்து விழும்.

மூன்றாவது தடுமாற்றம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில். அங்கே நடுவில் தடுப்பு உண்டு. எதிர்ப்பக்கம் வரும் லோரியின் விளக்குகள் தாழ்வாக இருப்பதால் தடுப்பும் செடிகளும் அவற்றை மறைத்துவிடும். அதை ஓட்டுபவரின் கண்களோ தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், தடுப்புக்கு மேலே இருக்கின்றன. கேமராவுக்கு விளக்கு தெரியவில்லை, ஆகவே சாலை காலி. ஹைபீம் நேரே அவர் முகத்தில். யோங் பெங்குக்கும் கூலாய்க்கும் இடையே இரவில் கடக்கும் லோரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் இப்படித் தெரியாமலேயே இடைஞ்சல் செய்துகொள்ள முடியும்.

அந்த உயரம் லோரிக்காரரிடமிருந்து வேறொன்றையும் பறிக்கிறது. சாலைப் பலகைகளின் பூச்சு, விளக்கிலிருந்து வந்த ஒளியை வந்த வழியே ஒரு குறுகிய கூம்பாகத் திருப்பி அனுப்பும். காரில் விளக்குக்கும் கண்ணுக்கும் அரை மீட்டர்தான் உயர வித்தியாசம். லோரியில் ஒன்றரை மீட்டருக்கும் மேல். கூம்பின் நடுப்பகுதி அவர் கண்ணுக்குக் கீழேயே போய்விடுகிறது. ஒரே பலகை, ஒரே வெளிச்சம், ஆனால் காரில் இருப்பவரைவிட லோரிக்காரருக்கு மங்கலாகத்தான் தெரியும். அவருக்கு ஹைபீம் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழையும் இருக்கிறது. நவம்பர் முதல் கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும் பருவமழையில் கண்ணாடியின் ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடித்துக் கேமராவைக் குழப்பும். ஹைபீமின் ஒளி மழைத்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். அந்த நேரத்தில் கையால் லோபீமுக்கு இறக்கிவிடுவதே அறிவு.

அணைக்காமல் மறைப்பது

அடுத்த கட்டம் வந்துவிட்டது. 2013-ல் ஆவ்டி ஏ8 காரின் ஒவ்வொரு முன்விளக்கிலும் ஹைபீமுக்காக 25 எல்.இ.டி.கள் தனித்தனியே இயங்கின. எதிரே வரும் வண்டி இருக்கும் துண்டை மட்டும் இருட்டாக்கி, மற்ற இடமெல்லாம் ஹைபீமை அப்படியே விட்டுவைக்கும் முறை அது. 2020-ல் வோல்வோ தன் எஃப்.எச். லோரிக்கும் இதைக் கொண்டுவந்தது. சாலையோரத்துத் தாபீர் வெளிச்சத்தில் நிற்கும், எதிரே வருபவரின் கண் நிழலில் இருக்கும். இரண்டு கடமைகளும் முதன்முறையாக ஒன்றோடொன்று மோதாமல் நிறைவேறுகின்றன. ஆனாலும் கேமரா அறியாத வண்டிக்கு நிழல் கிடைக்காது. தடுப்புக்குப் பின்னால் மறைந்த லோரிக்கும், விளக்கு செத்த மோட்டாருக்கும் இதிலும் பாதுகாப்பில்லை.

ஆகவே தானியங்கி ஹைபீம் உள்ள லோரியில் ஓட்டுநரின் வேலை குறையவில்லை, மாறியிருக்கிறது. காலியான இருட்டுச் சாலையைக் கருவியிடம் விடலாம். மேடு, வளைவு, தடுப்புச் சாலை, மழை, முன்னே மோட்டார் என்றால் கை நெம்புகோலில் இருக்க வேண்டும். லோரி முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பாரம் ஏற்றும்போது முகம் தூக்கும் வண்டியில் விளக்கின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநருக்குப் புது வண்டியின் சாவியைக் கொடுக்கும் நாளில், இந்தக் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதையும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் அரை மணி நேரத்துக்குச் செலவு எதுவுமில்லை. கருவியின் பலன் முழுதாகக் கிடைப்பதும் கிடைக்காததும் அதைப் பொறுத்தே இருக்கிறது.